துறப்பணமும் கடுங்குளிரும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயின், சென்ற விடுமுறைக் காலத்திலே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று என் கருத்தை மாற்றிற்று. அதனை முதலிற் கூறிப் பின்னர்ப் பொருளுக்கு வருகின்றேன்.

மேலைநாடொன்றிலே விமான உறுப்புக்கள் செய்யும் தொழிற்சாலையிற் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். அவருடைய தந்தையார் பண்டத்தரிப்பிலே நெடுங்காலம் தச்சுத்தொழில் செய்து ஓய்ந்தவர். யான் அவர்கள் இல்லத்துக்குச் சென்றிருந்தபோது, முதியவர் என்னைப் பார்த்து, “மாஸ்ரர், இவன் அங்கை பலகையிலை ஓட்டை போடுறானாம். ஓட்டை போடுறதுக்கு இவ்வளவு படிப்பு வேணுமோ? நான் நாப்பது வருஷமாப் போட்டனான்” என்றார். எல்லோரும் நகைத்தோம். மகனும் நகைத்தார். ஆயின், விடைகூறத் தொடங்கியவர் இரண்டு ஆங்கிலச் சொற்களோடு நின்றுவிட்டார். பின்னர் என் பக்கம் திரும்பி, “சேர், இதுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?” என்று வினவினார். அவருக்குத் தமிழ் கற்பித்தவன் யான். அன்று என்னிடத்து விடை இருக்கவில்லை.

தந்தையின் தொழிலும் துளையிடுதல். மைந்தனின் தொழிலும் துளையிடுதல். இருவருக்குமிடையே சொல் இல்லாமையால் மௌனம் நின்றது. அம்மௌனத்துக்கு யானும் ஓரளவு பொறுப்பாளி என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. நூல்களைத் தேடிக் கற்றும், அம்மாணவரிடமும் எம் விஞ்ஞான ஆசிரியரிடமும் கேட்டறிந்தும் எழுதுகின்றேன்.

இடைபொதி பலகை யாது?

அம்மாணவர் துளையிடும் பலகை மரத்தினாலாயதன்று. இரண்டு மெல்லிய வலிய தகடுகளுக்கிடையே, தடித்த ஆனால் மிக இலேசான பொருளொன்றை வைத்துப் பசையினால் ஒட்டியமைத்தது அது. பாண் துண்டுகள் இரண்டினிடையே உணவை வைத்துண்ணும் சான்ட்விச்சின் பெயராலேயே ஆங்கிலர் அதனை வழங்குவர். யான் இதனை ‘இடைபொதி பலகை’ எனக் குறிப்பேன். மேலும் கீழும் உள்ளவை முகத்தகடுகள், நடுவிலுள்ளது அகடு.

இவ்வமைப்பின் பயனை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். ஒரு தகட்டின் வளையாமை அதன் தடிப்பின் கனத்தைப் பொறுத்தது. 2 மில்லிமீற்றர் தகட்டுக்கு 2 × 2 × 2 = 8 எனக் கொள்வோம். அதனை 1 மில்லிமீற்றர் தடிப்புடைய இரண்டு தகடுகளாக்கி, இடையே 2 மில்லிமீற்றர் இலேசான அகட்டை வைப்பின், மொத்தத் தடிப்பு 4 மில்லிமீற்றராகும். நாலின் கனம் 64. நடுவிலுள்ள அகடு வலிமைக்கு உதவாதெனக் கொண்டு இரண்டின் கனமாகிய 8ஐக் கழிப்பின் எஞ்சுவது 56. எட்டுக்கு ஐம்பத்தாறு, ஏழு மடங்கு! பாரமோ பெரும்பாலும் முன்போலவே இருக்கும். வானிற் பறப்பனவற்றுக்கு இதனினும் வேண்டுவது யாது?

இவ்வுபாயத்தை இயற்கை முன்னரே கையாண்டுள்ளது. நம் பனையைக் காண்க. புறத்தே கருமையான வைரம். அகத்தே சோற்றி என வழங்கும் மென்பகுதி. ஆடிக்காற்றில் ஆடியும் முறியாது பனை நிற்பதற்கு, வலிமை வேண்டிய புறத்திலே வலிமை திரண்டிருத்தல் ஒரு காரணமாகும். மனிதர் செய்தவற்றுள் புகழ்பெற்ற பழைய எடுத்துக்காட்டு, 1940ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் முதன்முதற் பறந்த ‘மொஸ்கிற்றோ’ என்னும் பிரித்தானிய விமானம். அதன் உடற்பகுதி, பேர்ச்சு மர ஒட்டுப்பலகைகளுக்கிடையே பல்சா என்னும் மிக இலேசான மரத்தை வைத்துச் செய்யப்பட்டது.

இக்காலத்து விமானங்களிலே முகத்தகடுகள் பெரும்பாலும் கூட்டுப்பொருளால் ஆயவை. கூட்டுப்பொருளாவது, காபனிழை, கண்ணாடியிழை, அரமிட்டிழை போன்ற நுண்ணிழைகளைப் படைபடையாக அடுக்கி, எப்பொட்சி முதலிய பிசினால் இறுக்கியது. மாதகற் கரையிலே நாம் காணும் கண்ணாடியிழைப் படகுகள் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. அகடு பெரும்பாலும் தேன்கூட்டைப் போன்ற அறுகோண அறைகளால் ஆயது. அலுமினியத் தாளாலேனும், பிசின் ஊட்டிய அரமிட்டுத் தாளாலேனும் செய்யப்படுவது. போயிங் 787 விமானத்தின் பாரத்திலே ஏறக்குறையப் பாதி கூட்டுப்பொருள். இந்தியாவிலே செய்யப்பட்டு 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் முதன்முதற் பறந்த தேஜஸ் விமானத்திலும் பெரும்பகுதி கூட்டுப்பொருளேயாகும்.

துளையிடுதலில் வரும் இடர்

பலகையைப் பிறிதோர் உறுப்போடு பொருத்துதற்குத் துளை வேண்டும். ஒரு விமானத்துக்கு இத்தகைய துளைகள் பல்லாயிரம் வேண்டப்படும். ஈண்டுத்தான் இடர் தொடங்குகின்றது.

முதலாவது, துறப்பணத்தின் அலகு பலகையின்மீது இறங்கும்போது மேற்படையைத் திருகி மேலே தூக்க முற்படுகின்றது. இரண்டாவது, அலகு மறுபுறம் வெளிப்படும் தறுவாயிலே, அதன் அழுத்தத்தைத் தாங்க எஞ்சியிருக்கும் படைகள் சிலவே. அவை அறுபடுமுன் கீழே தள்ளப்பட்டு, ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. இதனைப் ‘படைபிரிதல்’ எனலாம். மரத்திலாயின் சிராய் பெயர்ந்ததைக் கண்ணாற் காணலாம். ஈண்டோ பிரிவு உள்ளே மறைந்திருந்து, பின்னர்ப் பாரம் ஏறும்போது வளர்வதாகும்.

மூன்றாவது, வன்மையும் மென்மையும் அடுத்தடுத்து வருதல். வலிய முகத்தகட்டைத் துளைக்க வேண்டிய அழுத்தம், மென்மையான அகட்டுக்கு மிகை. தகட்டைக் கடந்த அலகு திடீரெனப் பாயும். தாள் அறைகள் கிழிந்து கசங்கும். நான்காவது, அரமிட்டிழையின் இயல்பு. கெவ்லார் என்னும் வணிகப் பெயரால் அறியப்படும் இவ்விழை, 1965ஆம் ஆண்டிலே அமெரிக்க இரசாயன அறிஞர் ஸ்ரெபனி குவோலெக் அம்மையாரின் ஆராய்ச்சியாற் பிறந்தது. குண்டு துளைக்காத அங்கி செய்ய உதவும் அதே உரம், துளையிடுவார்க்குப் பகையாகின்றது. அலகின்முன் அது அறுபடாது வளைந்து ஒதுங்கி, துளையின் விளிம்பெங்கும் பஞ்சுபோல் நாராக நிற்கும்.

ஐந்தாவது வெப்பம். உலோகத்தைத் துளைக்கும்போது உண்டாகும் சூட்டில் ஒரு பங்கை உலோகமே கடத்திச் செல்லும். பிசினோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது. சூடு துளையின் வாயிலேயே தங்கிப் பிசினை இளக்கும். இளகிய பிசின் இழைகளைப் பற்றிநில்லாது விட்டுவிடும். எண்ணெயோ நீரோ ஊற்றிக் குளிர்விக்கலாகாதோ எனின், அகட்டின் அறைகளுள் அது புகுந்து தங்கும். ஒட்டுப்பசைக்குக் கேடு செய்யும்.

குளிர் செய்யும் உதவி

இவ்விடத்தே கடுங்குளிர் துணைக்கு வருகின்றது. காற்றில் ஏறக்குறைய 78 வீதம் நைதரசன். அதனைத் திரவமாக்கினால் பூச்சியத்துக்குக் கீழே 196 சதமபாகையிற் கொதிக்கும். 1883ஆம் ஆண்டிலே போலந்து அறிஞர்களான வுறோபிளெவ்ஸ்கியும் ஒல்ஷெவ்ஸ்கியும் கிராக்கோ நகரிலே ஒட்சிசனையும் நைதரசனையும் திரவமாகத் திரட்டிக் காட்டினர். அன்று ஆய்வுகூட விந்தையாயிருந்தது இன்று சிறு தொழிற்சாலைகளிலும் வாங்கக் கூடிய பண்டமாயிற்று.

திரவ நைதரசனைத் துளையிடும் இடத்திலே மெல்லிய தாரையாகப் பாய்ச்சினால் மூன்று நன்மைகள் உண்டு. பிசின் சூட்டினால் இளகாது, இறுகி நிற்கும். இறுகிய பிசின் இழையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால், இழை ஒதுங்க இடமின்றி அலகுக்கு முன்னே அறுபடும். துவண்ட துணியைக் கத்தரித்தாற் கத்தரிக்கோலினிடையே மடியும். கஞ்சியிட்டுக் காயவைத்த துணி நேர்கோடாக வெட்டுப்படும். வேறுபாடு நூலில் அன்று, நூலைப் பிடித்து நிற்கும் கஞ்சியிலேயே. மூன்றாவது நன்மை, வேலை முடிந்தபின் நைதரசன் ஆவியாகிக் காற்றோடு காற்றாய் மறைதல். எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. நீரைப் போல அறைகளுள் நின்று ஊறுவதுமில்லை.

1998ஆம் ஆண்டிலே நியூசிலாந்து, ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டாச்சாரியா, ஹொரிகன் என்னும் இருவர், கெவ்லார்க் கூட்டுப்பொருளைத் திரவ நைதரசனாற் குளிர்வித்துத் துளையிட்ட ஆராய்ச்சியை வெளியிட்டனர். அலகு நெடிது உழைத்தது. துளையின் சுவரும் செம்மையாயிற்று. ஆயின், அலகைச் செலுத்த வேண்டிய அழுத்தம் கூடிற்று. பின்வந்த காபனிழை ஆராய்ச்சிகளும் இந்த இரட்டைப் பயனையே காட்டியுள்ளன. காரணம் வெளிப்படை. இறுகிய பொருள் அலகை எதிர்க்கின்றது. அழுத்தம் கூடினால் மறுபுறப் படைகளைத் தள்ளும் விசையும் கூடும். எனவே, குளிர் ஒரு குறையைத் தீர்த்து மற்றொன்றை வளர்த்தலும் கூடும். எவ்வளவு குளிர், எவ்வளவு வேகம், எத்தகைய அலகு என்பனவற்றைப் பொருளுக்குப் பொருள் அளந்தறிதலே இத்துறையின் பணியாகும்.

குளிரைக் கையாளும் வேறொரு வழியும் உண்டு. தேன்கூட்டு அகட்டைத் தகடு ஒட்டுமுன் செதுக்கவேண்டின், அறைகளுள் நீரை நிரப்பி உறையச் செய்வர். பனிக்கட்டி ஒவ்வோர் அறையின் சுவரையும் இருபுறமும் தாங்கி நிற்க, மெல்லிய தாள் கசங்காது வெட்டுப்படும். பின் பனிக்கட்டி உருகி வடியும். அகட்டை உலர்த்தி எடுப்பர். எளிய நீரே ஈண்டு பிடிப்புக் கருவியாகின்றது.

தச்சர் கேட்ட வினா

இவ்வளவும் எழுதியபின், முதியவரிடம் சென்று வாசித்துக் காட்டினேன். மைந்தர் அப்பொழுது திரும்பிச் சென்றிருந்தார். முதியவர் இடையிலே எழுந்து, உள்ளே சென்று, தம் பழைய துறப்பண அலகு ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் நடுவிலே கூர்முனை. ஓரத்திலே வட்டத்தைக் கீறும் பல். “முதல் வட்டத்தைக் கீறி நாரை அறுக்கவேணும், பிறகுதான் நடுவிலை தோண்டவேணும். மற்றப் பக்கம் சிராய் பேராமல் இருக்க, கழிவுப் பலகையொண்டை அடியிலை வைச்சு இறுக்கவேணும்” என்றார்.

யான் வியந்தேன். கூட்டுப்பொருளைத் துளைக்க வகுக்கப்பட்ட அலகுகளுள் ஓரத்திலே பல்லுடையவை உள. படைபிரிதலைத் தடுக்கப் பொறியியலார் கூறும் தலையாய வழி, பின்புறத்திலே தாங்குபலகை வைத்தலேயாகும். முதியவருக்கு இவ்விரண்டும் கைப்பழக்கம்.

பின்னர் அவர் ஒரு வினா கேட்டார். “மாஸ்ரர், ஒவ்வொரு சாமானும் ஒவ்வொரு மாதிரியல்லோ சுருங்கும்? இவ்வளவு குளிரிலை பசை விடாதோ?”

நூல்களை வாசித்தபோது எனக்குத் தோன்றாத வினா இது. ஆயினும், அதற்குரிய விடையை வரலாறு பெருவிலை கொடுத்துக் கற்றுள்ளது. ஒரு மீற்றர் அலுமினியம் அறைவெப்பநிலையிலிருந்து திரவ நைதரசனின் குளிருக்கு இறங்கினால் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் சுருங்கும். பிசின் அதனினும் மிகுதியாகச் சுருங்கும். காபனிழையோ நீளப்போக்கிலே சுருங்குவது அரிது. ஒன்று இழுக்க, ஒன்று இணங்காதிருக்க, பிசினிலே கண்ணுக்குப் புலனாகா நுண்வெடிப்புக்கள் தோன்றும்.

அமெரிக்காவிலே எக்ஸ்-33 என்னும் விண்ணூர்தித் திட்டத்துக்காகத் திரவ ஐதரசன் கொள்கலமொன்றை இத்தகைய இடைபொதி பலகையாற் செய்தனர். திரவ ஐதரசனின் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் நடந்த சோதனையிலே கலத்தை நிரப்பி வெறுமையாக்கிய பின்னர், சுவரின் புறத்தகடு அகட்டைவிட்டுப் பிரிந்தது. உள்தகட்டின் நுண்வெடிப்புக்களினூடே ஐதரசன் அறைகளுள் கசிந்ததும், வெளியிலிருந்து நைதரசன் உள்ளே இழுக்கப்பட்டதும், கலம் வெப்பமடைந்தபோது அடைபட்டவை வாயுவாகிப் பெருகியதும் காரணங்களுள் அடங்குவன என ஆராய்ந்தோர் கண்டனர். 2001ஆம் ஆண்டிலே அத்திட்டமே கைவிடப்பட்டது.

துளையிடுவார்க்கும் இப்பாடம் பொருந்தும். ஒரு லீற்றர் திரவ நைதரசன் அறைவெப்பநிலையில் ஏறக்குறைய 700 லீற்றர் வாயுவாகும். மூடிய அறையொன்றிலே ஒரு துளி சிக்கினும் தகட்டைத் தள்ளப் பார்க்கும். ஆதலின், அளவோடு பாய்ச்சுதலும் மெல்லச் சூடேறவிடுதலும் இன்றியமையாதன. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பலகையிற் படிந்து, பின் நீராகிப் புதிய துளையின் வழியே உட்புகாமற் காத்தலும் வேண்டும். அளவையும் மறத்தலாகாது. கடுங்குளிரிலே அலுமினியத்தில் 10 மில்லிமீற்றராக இட்ட துளை, அறைவெப்பத்துக்கு வந்ததும் ஏறக்குறைய 0.04 மில்லிமீற்றர் பெருத்திருக்கும். விமான ஆணிக்கு அதுவும் கணக்கே. இவற்றினும் மேலானது தொழிலாளியின் உயிர். நைதரசனுக்கு நிறமும் மணமும் இல்லை. காற்றோட்டமற்ற அறையிலே அது நிறைந்தால் ஒட்சிசன் குறைந்து, அறிவிப்பின்றியே மயக்கமும் மரணமும் நேரும்.

குளிரும் இடைபொதி பலகையும் என்றும் பகையென்று கருதற்க. 1969இலே மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய சற்றேண் 5 ஏவூர்தியின் இரண்டாம் கட்டத்திலே, திரவ ஐதரசனையும் திரவ ஒட்சிசனையும் பிரித்துநின்ற பொதுச்சுவர் ஓர் இடைபொதி அமைப்பே. இரு அலுமினியத் தகடுகளிடையே பிசினாலாய தேன்கூட்டகடு, 70 பாகை வேறுபாட்டைத் தாங்கி நின்றது. அதனால் மீதமான பாரம் 3.6 தொன். நமக்கு அணித்தே, திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியிலே இந்திய விண்வெளி நிறுவனத்தார் கடுங்குளிர் எரிபொருள் இயந்திரங்களைச் சோதிக்கின்றனர். 2010இலே அவர்கள் சொந்தமாகச் செய்த இயந்திரத்தின் முதற் பறப்புத் தோல்வியுற்றது. 2014ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் வெற்றி கிட்டிற்று. கடுங்குளிரை ஆளுதல் பொறுமையால் வருவது.

சொல்லும் தொழிலும்

மகன் கேட்ட வினாவுக்கு இனி விடை கூறுகின்றேன். தமிழிலே சொல் இல்லையென்று யாம் தயங்கியது தவறு. துறப்பணம் நம் தச்சர் நாவிலே இன்றும் உண்டு. ‘தமர்’ என்னும் சொல், பலகையிலிடும் துளையையும் அத்துளையிடும் கருவியையும் ஒருங்கே குறிப்பதாக அகராதியிலே கிடக்கின்றது. படை, அகடு, பொதி, சிராய் எல்லாம் நம்முடையன. இல்லாதவற்றை நைதரசன், அலுமினியம், கெவ்லார் என வந்தவாறே ஏற்பதில் இழுக்கில்லை. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் அவர்கள் மேலைநாட்டு மருத்துவம் முழுவதையும் தமிழிற் கற்பிக்க முயன்று, மாணவரையும் நூல்களையும் உருவாக்கிக் காட்டினார். பிறநாட்டார் ஒருவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

மாணவர்களே, தச்சுப்பட்டறையையும் விஞ்ஞானகூடத்தையும் வெவ்வேறு உலகங்களாக எண்ணாதீர்கள். ‘பசை விடாதோ’ என்ற ஒரு வினாவிலே இரண்டும் சந்தித்ததை யான் கண்டேன். பழைய மாணவர்களே, நீவிர் எந்நாட்டில் எத்தொழில் புரிந்தாலும், அத்தொழில் யாது என்பதை உம் பெற்றோர்க்கு விளங்குமாறு ஒருமுறையேனும் தமிழிற் கூறுங்கள். அவர்கள் கேட்கும் வினாவையும் பொறுமையோடு கேளுங்கள்.

இக்கட்டுரையின் படியொன்றை அம்மாணவருக்கு அனுப்பினேன். அடுத்த கிழமை முதியவர் வீதியில் என்னை மறித்து, “மாஸ்ரர், நேற்றுத் தம்பி ரெலிபோன் எடுத்தவன். ஒரு மணித்தியாலம் கதைச்சம். அடியிலை என்ன பலகை வைக்கிறனீ எண்டு கேட்டன், சொன்னவன்” என்றார். மகன் கூறிய விடை யாதென யான் கேட்கவில்லை. அது அவர்களிருவருக்கும் உரியது.